காரணம் பிடிபடாத பல்வலியும் முப்பரிமாண ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் பல் விண்விண் என்று தெறிக்கிறது. இது எப்படி?

வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரே ஒரு தட்டைப் படம். பல், வேர், அதன் முன்னும் பின்னும் உள்ள எலும்பு, மேல் தாடையானால் சைனஸின் (மூக்கை ஒட்டிய காற்றறையின்) தரை, கன்ன எலும்பின் அடிப்பகுதி எல்லாமே ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துவிடும். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். அண்ணத்துப் பக்கம் உள்ள வேரின் நுனி பெரும்பாலும் இந்தக் குவியலுக்குள் மறைந்து கிடக்கும்.

இன்னொரு காரணம் எலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. வேர் நுனியில் தொற்று தொடங்கும்போது உள்ளே இருக்கும் பஞ்சு எலும்புதான் முதலில் கரையும். வெளிப்புறக் கெட்டி ஓடு அரிக்கப்படும் வரை தட்டைப் படத்தில் அது தெரியாமலே போகலாம். பெண்டர், செல்ட்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1961-லேயே இறந்தவர்களின் தாடை எலும்புகளில் குழி செய்து படம் எடுத்து இதைக் காட்டினார்கள். எலும்பின் தாதுப்பொருளில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் குறைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் கறுப்பு விழுகிறது என்பது பல் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கீழ்த்தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லருகே வெளி ஓடு தடிமனாக இருப்பதால் அங்கே ஏமாற்றம் இன்னும் அதிகம்.

நோய் இன்னும் எலும்புக்கே வராமலும் இருக்கலாம். பல்லின் நடுவிலுள்ள கூழ் (எல்லோரும் 'நரம்பு' என்று சொல்வது) மட்டும் அழன்றிருந்தால் தூக்கமே போகும் அளவுக்கு வலிக்கும். அதை எக்ஸ்ரேயும் காட்டாது, முப்பரிமாண ஸ்கேனும் காட்டாது.

பல்லுக்கு எடுக்கும் முப்பரிமாண ஸ்கேன் என்பது என்ன? மருத்துவமனை சிடி ஸ்கேனேதானா?

இல்லை. பல்லுக்குப் பயன்படுவது கோன் பீம் சிடி, சுருக்கமாக சிபிசிடி. 1990-களின் இறுதியில் பல் மருத்துவத்துக்கு வந்தது. கூம்பு வடிவக் கதிர் தலையை ஒரே ஒரு முறை, கருவியைப் பொறுத்து அரை வட்டமாகவோ முழு வட்டமாகவோ, சுற்றிவரும். 10 முதல் 40 விநாடிகளில் சில நூறு படங்கள் பதிவாகும். அவற்றைக் கணினி சேர்த்து ஒரு கனவடிவமாகக் கட்டும். அந்தக் கனவடிவம் வாக்ஸல் எனப்படும் சின்னச் சின்னக் கனசதுரங்களால் ஆனது. பல்வலிக்கு எடுக்கும்போது ஒரு வாக்ஸலின் பக்கம் 0.075 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

எலும்பு, பல் போன்ற கடினமானவற்றையும், வேருக்குள் கூழ் ஓடும் கால்வாயையும் காட்டுவதில் இது கெட்டி. தசை, நரம்பு, ஈறு போன்ற மென்திசுக்களைப் பிரித்துக் காட்டுவதில் பலவீனம். வலிக்கான காரணம் மென்திசுவில் இருந்தால் இந்த ஸ்கேன் வெறுங்கையோடு திரும்பும். எடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வலி என்றதும் நேரே ஸ்கேன் எடுத்துவிடலாமா?

வேண்டாம். நாற்காலியில் உட்காரவைத்துச் செய்யும் சோதனைகளை முடிக்காமல் எடுத்த ஸ்கேன் பல நேரம் குழப்பத்தையே கூட்டும். யாருடைய தாடையை எடுத்தாலும் ஸ்கேனில் ஏதோ ஒன்று தென்படும். தென்பட்டதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது. எந்தப் பல் மீது, எதனால் சந்தேகம் என்ற கேள்வி கையில் இருந்தால்தான் ஸ்கேன் அதற்குப் பதில் சொல்லும்.

முதலில் குளிர் சோதனை. குளிர்வாயுவைப் பஞ்சு உருண்டையில் பீய்ச்சி, நன்றாக ஈரம் துடைத்த பல்லின் மேல் வைக்க வேண்டும். வலிக்கும் பல்லிலேயே தொடங்கக் கூடாது. பக்கத்துப் பல்லிலும் எதிர்ப்பக்கத்தில் உள்ள அதே பல்லிலும் முதலில் வைத்து, அந்த நபருக்கு 'சாதாரணக் கூச்சம்' எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான பல் சில்லென்று உணர்ந்து, பஞ்சை எடுத்ததும் ஓரிரு விநாடியில் அடங்கிவிடும். பஞ்சை எடுத்து 30 விநாடி கடந்தும் வலி நீடித்தால் கூழ் மீளாத அளவுக்கு அழன்றிருக்கிறது என்று பொருள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் கூழ் இறந்திருக்கலாம். வயதானவர்களில் கால்வாய் சுருங்கி அடைத்துப்போயிருந்தாலும் இதே பதில்தான் வரும்.

அடுத்து, வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் பிடி முனையால் பல்லை மெல்லத் தட்டிப் பார்ப்பது, வேர் நுனிக்கு நேரே ஈறை விரலால் அழுத்திப் பார்ப்பது. பிறகு ஈறுப் பையின் (ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கின்) ஆழத்தைப் பல்லைச் சுற்றி நெருக்கமாக, ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்தி அளப்பது. சுற்றிலும் 3 மில்லிமீட்டராக இருந்து ஒரே ஓர் இடத்தில் மட்டும் அளவுகோல் சட்டென்று 8, 9 என்று இறங்கினால் வேர் பிளந்திருக்கிறதா என்ற சந்தேகம் வர வேண்டும். கடைவாய்ப் பல்லின் ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியாகக் கடிக்க வைத்துப் பார்ப்பதும் முக்கியம். கடிக்கும்போது இல்லாமல், கடித்ததை விடும்போது சுள்ளென்று இழுத்தால் விரிசல் இருக்க வாய்ப்புண்டு.

சின்ன எக்ஸ்ரேயையும் ஒன்றோடு நிறுத்தாமல், நேராக ஒன்றும் 15 முதல் 20 டிகிரி பக்கவாட்டில் திருப்பி இன்னொன்றும் எடுத்தால் மறைந்திருந்த வேர் விலகித் தெரியும். ஸ்கேனே தேவைப்படாமல் போவதும் உண்டு.

வலி மேலா கீழா என்றே பிடிபடவில்லை என்றால் ஒரு பல்லுக்கோ ஒரு பகுதிக்கோ மட்டும் மரப்பு ஊசி போட்டுப் பார்க்கலாம். பல்வலி ஒரே பக்கத்தில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தாவும். நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவது அரிது.

சோதனைக்கு வரும் நாளில் கவனிக்க வேண்டியது ஒன்று: இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரை தட்டல், குளிர் சோதனைகளின் பதிலை மழுங்கடித்துவிடும். தாங்க முடிந்தால் சோதனைக்கு முந்தைய சில மணி நேரம் தவிர்க்கலாம். தாங்க முடியாமல் போட்டுக்கொண்டால் எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் ஸ்கேன் எப்போது உண்மையில் கை கொடுக்கும்?

அறிகுறிகள் ஒன்றுக்கொன்று முரணாகவோ தெளிவில்லாமலோ இருக்கும்போது. அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கமும் வாய், முகக் கதிரியல் அகாடமியும் 2015-ல் புதுப்பித்த கூட்டு அறிக்கையும் இதையேதான் சொல்கிறது: முதல் படம் சின்ன எக்ஸ்ரே, அதிலும் சோதனையிலும் விடை கிடைக்காதபோது சிறிய பரப்பு சிபிசிடி.

அடிக்கடி கண்டுபிடிக்கப்படுவது விடுபட்ட கால்வாய். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்பக்க வேரில் இரண்டாவது கால்வாய் ஒன்று பாதிக்கும் மேற்பட்ட பற்களில் உண்டு. மிகக் குறுகலானது, ரூட் கேனால் செய்யும்போது எளிதில் தப்பிவிடும். ஸ்கேனில் வேரைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும்போது, நிரப்பிய வெள்ளைப் புள்ளி வேரின் நடுவில் இருக்க வேண்டும். ஒரு ஓரமாக ஒதுங்கி இருந்தால் மறுஓரத்தில் நிரப்பாத கால்வாய் ஒன்று காத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பக்கத்தில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளியாக அதுவே தெரிந்தால் சந்தேகமும் தீர்ந்தது. கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் கூடுதலாக வளரும் மூன்றாவது வேரும், கீழ் இரண்டாவது கடைவாய்ப் பல்லில் ஒன்றோடொன்று இணைந்த வளைவுக் கால்வாயும் இதே வகைச் சிக்கல்கள்தான்.

பலர் யோசித்தே பார்க்காத இன்னொன்று, வேர் நுனி எலும்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. மேல் தாடையில் கன்னப் பக்க எலும்பு காகிதம் போல மெல்லியது. வேரின் நுனி அதைத் துளைத்து ஈறுக்கு அடியில் நேராக வந்து நிற்கும். ரூட் கேனால் கச்சிதமாக முடிந்திருக்கும், எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். ஆனாலும் ஈறின் மேல்பகுதியை விரலால் அழுத்தினால் ஓர் இடத்தில் மட்டும் வலிக்கும். தட்டைப் படத்தில் இதைப் பார்க்கவே முடியாது. ஸ்கேனில் பக்கவாட்டு வெட்டில் ஒரே பார்வையில் தெரியும்.

சைனஸ் விஷயத்திலும் ஸ்கேன் பெரிய உதவி. ஒரு பக்கச் சைனஸின் தரையில் மட்டும் சவ்வு தடித்து, அந்தத் தடிப்பு ஒரு குறிப்பிட்ட வேர் நுனியின் மேல் குவிந்திருந்தால், அந்தப் பல்லும் குளிருக்குப் பதில் தராவிட்டால், பல்தான் சைனஸைக் கெடுத்திருக்கிறது. மேல் பற்கள் மூன்று நான்கு சேர்ந்து தட்டினால் வலித்து, குனிந்தால் வலி கூடி, எல்லாப் பற்களும் குளிருக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் கதை தலைகீழ்: சைனஸ் அழற்சி பற்களில் வலியாகத் தெரிகிறது.

ஈறோரத்தில் வேர் தானாகவே கரைந்து உட்குழியும் நோயும் உண்டு. எக்ஸ்ரேயில் சொத்தை போலவே இருக்கும். கரைப்பு வேரை எவ்வளவு சுற்றி வளைத்திருக்கிறது, பல் தேறுமா தேறாதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

பல்லில் விரிசல் இருந்தால் ஸ்கேனில் தெரிந்துவிடுமா?

இந்த எதிர்பார்ப்போடுதான் நிறையப் பேர் ஸ்கேன் எடுக்கிறார்கள். நேர்மையான பதில்: பெரும்பாலும் தெரியாது. ஆரம்ப விரிசலின் அகலம் ஒரு வாக்ஸலைவிட வெகு குறைவு. 0.1 மில்லிமீட்டர் கட்டங்களால் ஆன படத்தில் அதைவிட மெல்லிய கோடு கரைந்துபோகும். மேல்பகுதி விரிசலைக் கண்டுபிடிக்கக் கடி சோதனை, பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பது, பழைய நிரப்புப் பொருளை எடுத்துவிட்டு மெத்திலீன் நீலம் என்ற சாயம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது ஆகியவையே நம்பகமானவை. வெளிச்சம் விரிசல் இருக்கும் கோட்டில் தடைப்பட்டு, ஒரு பாதி ஒளிர்ந்து மறுபாதி இருண்டு நிற்கும்.

ரூட் கேனால் செய்த பல்லில் வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் நிலைமை சற்று வேறு. பிளவுக் கோடு தெரியாவிட்டாலும் அது எலும்பில் விட்டுச்செல்லும் தடம் ஸ்கேனில் தெரியும். தொற்று வேர் நுனியைச் சுற்றி உருண்டையாக இருப்பதற்குப் பதில், வேரின் பக்கவாட்டில் ஒரே முகமாக மேலேறி, குறுகலான பள்ளமாக எலும்பைத் தின்றிருக்கும். இதோடு ஈறுப் பையில் அந்த ஒற்றை ஆழமும், ஈறோரத்தை ஒட்டிச் சீழ்க் கொப்புளமும் இருந்தால் மூன்றும் சேர்ந்து வலுவான சாட்சி. ஸ்கேனில் வேரின் குறுக்கே ஒரு கறுப்புக் கோட்டை மட்டும் பார்த்துப் பல்லைப் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஏற்கெனவே கேப், உலோக நிரப்பு, வேருக்குள் ஆணி எல்லாம் இருக்கிறது. ஸ்கேன் தெளிவாக வருமா?

உலோகமும், கேப் செய்யப் பயன்படும் வெள்ளைப் பீங்கானான சிர்கோனியாவும் கதிரை அளவுக்கு மீறி உறிஞ்சும். அதனால் அவற்றைச் சுற்றி வெள்ளைக் கீற்றுகளும் கறுப்புப் பட்டைகளும் படத்தில் விழும். வேருக்குள் நிரப்பும் கட்டாபெர்ச்சாவும் ஓரளவு இதையே செய்யும். இந்தக் கறுப்புப் பட்டை பார்ப்பதற்கு அப்படியே விரிசல் போலவோ கேப்புக்கு அடியில் சொத்தை போலவோ இருக்கும். வேரின் எல்லையைத் தாண்டி எலும்பிலும் அதே கோடு நேராக நீண்டால், அல்லது பக்கத்திலுள்ள கேப்பை நோக்கி ஓடினால், அது போலிக் கோடு.

கேப்புக்கு அடியில் சொத்தை இருக்கிறதா என்று பார்க்க சிபிசிடி சரியான கருவி இல்லை. உலோகக் கீற்றுகளைக் குறைக்கும் மென்பொருள் படத்தை அழகாக்கும். தொலைந்த தகவலை அதனால் திருப்பித் தர முடியாது. வேர் பிளவுதான் கேள்வி என்றால், ஆணியையோ பழைய நிரப்பையோ எடுத்த பிறகு ஸ்கேன் எடுப்பதும் ஒரு வழி.

ஒரு பல்லுக்காக முழுத் தாடையையும் எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

ஒரு பல்லிலோ அடுத்தடுத்த இரண்டு மூன்று பற்களிலோ சந்தேகம் என்றால் 4 × 4 அல்லது 5 × 5 சென்டிமீட்டர் பரப்பு போதும். பரப்பு சிறிதானால் கதிரும் குறையும், வாக்ஸலும் நுணுக்கமாகும், படமும் தெளியும். பெரிய பரப்பில் எடுத்த படத்தின் வாக்ஸல் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர், விடுபட்ட குறுகிய கால்வாய் அதில் காணாமல் போய்விடும். 'எந்தப் பல் என்று தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் எடுப்போம்' என்பது மரப்பு ஊசிச் சோதனையைத் தவிர்க்கும் குறுக்குவழி.

கதிர்வீச்சு எவ்வளவு? பயப்பட வேண்டுமா?

அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரியும். கதிர் அளவைச் சொல்லும் அலகு மைக்ரோசீவெர்ட். வாய்க்குள் எடுக்கும் ஒரு சின்ன எக்ஸ்ரே சில மைக்ரோசீவெர்ட். எல்லாப் பற்களையும் ஒரே தட்டைப் படமாக எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரே ஏறத்தாழ 10 முதல் 25. சிறிய பரப்பு சிபிசிடி, கருவியையும் அமைப்பையும் பொறுத்து, பொதுவாகச் சில பத்துகளிலிருந்து நூறைச் சற்றுத் தாண்டும் வரை. பெரிய பரப்பு என்றால் சில நூறு. மருத்துவமனையில் எடுக்கும் தலை சிடி சுமார் 2,000. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே ஒருவருக்குக் கிடைப்பது உலக சராசரியில் ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவெர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறு ஏழு.

காரணத்தோடு எடுக்கும் ஒரு சிறிய ஸ்கேனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காரணமில்லாமல் மாதம் ஒன்று எடுப்பதற்கும் அனுமதிக்க வேண்டியதில்லை. குழந்தைகளின் திசு கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும் என்பதால் அவர்களுக்கு அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளில் கருப்பைக்குப் போய்ச் சேரும் அளவு மிக மிகச் சொற்பம். ஆனாலும் கர்ப்பமாக இருப்பதையோ இருக்கலாம் என்பதையோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தள்ளிப்போடக் கூடியதைத் தள்ளிப்போடலாம்.

ஸ்கேன் எடுக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

ஊசியோ மருந்தோ கிடையாது, வெறும் வயிறும் தேவையில்லை. காதணி, மூக்குத்தி, சங்கிலி, கொண்டை ஊசி, கண்ணாடி, கழற்றும் பல்செட், காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

படத்தைக் கெடுப்பதில் முதலிடம் அசைவுக்குத்தான். 0.1 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கும்போது அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் வேரின் விளிம்பு இரட்டையாக விழும். கருவி சுற்றத் தொடங்குவதற்கு முன் எச்சிலை விழுங்கிவிட்டு, நின்றவுடன் மறுபடி விழுங்கலாம். கண்களை மூடிக்கொள்வது நல்லது. சுற்றும் கையைக் கண் தொடர்ந்தால் தலையும் கூடவே திரும்பும். கை நடுக்கம், கழுத்து வலி உள்ளவர்கள் உட்கார்ந்து எடுக்கும் கருவியைக் கேட்டு, தலைப்பட்டையை இறுக்கச் சொல்லலாம். எதிர்த்தாடையில் உலோகக் கேப் இருந்தால் பற்களுக்கு இடையே பஞ்சுச் சுருளைக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அப்போது அந்தக் கேப்பின் கீற்று நமக்கு வேண்டிய பல்லின் மேல் விழாமல் விலகும்.

முடிவை எப்படிக் கேட்டு வாங்குவது?

அச்சிட்ட இரண்டு மூன்று படங்களோடு திருப்தி அடைய வேண்டாம். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு வகை) வடிவத்தில் முழுக் கோப்பையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் என்பது ஒவ்வொரு வெட்டாக நகர்த்திப் பார்க்க வேண்டிய பொருள். வேறொரு நிபுணரிடம் போனாலும் அவருக்கு அதுதான் தேவை. பார்ப்பவர் முதலில் படத்தைச் சுழற்றி வேரின் நீளவாட்டுக்கு நேராக நிறுத்திக்கொண்டு, பிறகு மேலிருந்து கீழாகக் குறுக்கு வெட்டுகளை ஓட்டுவார். ஒரு வெட்டில் மட்டும் தெரிந்து, இன்னொரு திசையில் வெட்டினால் மறைந்துபோகும் எதையும் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. கேட்ட பல்லை மட்டும் பார்க்காமல் படத்துக்குள் வந்த முழுப் பகுதியையும் ஒருவர் படித்து அறிக்கை தர வேண்டும்.

ரூட் கேனால் செய்து ஆறு மாதம் ஆகிறது. ஸ்கேனில் வேர் நுனியில் கறுப்பு இருக்கிறது. மறுபடி செய்ய வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். எலும்பு மெதுவாகத்தான் நிரம்பும். ஓராண்டு ஆகலாம், பெரிய குழி என்றால் நான்கு ஆண்டு வரைகூடக் கவனித்துப் பார்ப்பதுண்டு. சிபிசிடி எக்ஸ்ரேயைவிடக் கூர்மையானது என்பதால் ஆறிக்கொண்டிருக்கும் இடத்தையும் கறுப்பாகவே காட்டும். சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதோடு ஒப்பிட்டு, சிறுத்திருக்கிறதா பெருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெருத்திருந்தாலோ, சீழ், வீக்கம், தட்டினால் வலி இருந்தாலோ மறுசிகிச்சை பற்றிப் பேசலாம்.

ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. வலி மட்டும் போகவில்லை. பல்லைப் பிடுங்கிவிடலாமா?

தயவுசெய்து பிடுங்காதீர்கள். வலி பல்லிலிருந்தே வராதபோது பிடுங்கினால், பல் போன வெற்றிடத்திலும் அதே வலி தொடரும். பிறகு பக்கத்துப் பல்லின் மேல் சந்தேகம் விழும். ஒன்றும் தவறில்லாத பற்களை ஒவ்வொன்றாக இழந்தவர்கள் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது மெல்லும் தசை. கன்னத்தின் தசையை விரலால் ஐந்து பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் 'இதேதான் என் பல்வலி' என்று சொல்லும்படி வலி கிளம்பினால், காரணம் தசையில் இருக்கிறது. இரவில் பல்லை நறநறப்பவர்களிடம் இது அதிகம்.

முகம் கழுவும்போதோ, பல் துலக்கும்போதோ, காற்று பட்டாலோ மின்சாரம் பாய்வது போல ஒரு விநாடிக்கும் குறைவிலிருந்து இரண்டு நிமிடம் வரை வெட்டி இழுத்துவிட்டு முற்றிலும் நின்றுவிட்டால் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற நரம்பு நோயாக இருக்கலாம். இதற்கு நரம்பியல் மருத்துவரும் எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவை. சாதாரண வலிமாத்திரை கேட்காது. கார்பமாஸெபின் போன்ற மருந்தை மருத்துவர் கொடுத்துப் பார்ப்பார்.

பல் சிகிச்சைக்குப் பிறகு அதே இடத்தில் மாதக்கணக்கில் ஓயாமல் எரிச்சலோ மந்தமான வலியோ நீடித்து, மரப்பு ஊசி போட்டும் முழுசாக அடங்காவிட்டால் நரம்பே வலியைத் தானாக உற்பத்தி செய்யும் நிலை வந்திருக்கலாம். இதற்கு வாய், முக வலி நிபுணர் இருக்கிறார். மேலும் மேலும் ரூட் கேனால் செய்வது இதை மோசமாக்கவே செய்யும்.

எந்த அறிகுறி வந்தால் ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது?

மாடி ஏறினால், வேகமாக நடந்தால் தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் அடங்குகிறது என்றால் அது இதயத்திலிருந்து வரலாம். கூடவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். வாய் திறக்க முடியாமை, விழுங்குவதிலோ மூச்சிலோ சிரமம், தாடைக்குக் கீழ் கெட்டியான வீக்கம், கண்ணைச் சுற்றி வீக்கம், காய்ச்சல் ஆகியவை தொற்று பரவுவதன் அடையாளம், இரவானாலும் மருத்துவமனைதான்.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை களைத்து வலித்தல், பார்வை மங்கல் இருந்தால் அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் கண் பார்வை போய்விடும். காரணமில்லாமல் கீழுதடோ முகவாயோ மரத்துப்போய், பற்கள் ஆடத் தொடங்கினால் எலும்புக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இங்கே ஒரு பல்லுக்கான சிறிய ஸ்கேன் போதாது. மருத்துவமனை சிடி, எம்ஆர்ஐ வசதியும் வாய், தாடை அறுவை நிபுணரும் உள்ள இடத்துக்கு அதே வாரத்தில் போய்விடுங்கள்.